தேயிலைத் தூளில் புதைத்த கைப்பேசி

1. வெள்ளிக்கிழமை, தேயிலைக் கொழுந்து வெட்டிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அத்தையின் கைப்பேசி சட்டைப் பையிலேயே நனைந்தது.
2. தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் அத்தை அதைத் துடைத்து, தேயிலைத் தூள் டின்னுக்குள் புதைத்து மூடினார்.
3. சனிக்கிழமை மாலை எடுத்து சார்ஜில் போட்டார். ஏறவில்லை.
4. ஞாயிறு காலை கம்போங் ராஜா டவுனில் ஒரு கைப்பேசிக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ள எல்லாம் போச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்றார்.
5. மத்தியானம் அத்தை அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை அவருக்குப் பரீட்சை.

அத்தை என் அப்பாவின் தங்கை, பக்கத்து வீடு. பரீட்சை என்பது கார் லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வு. ஒரு தடவை எழுதித் தோற்றிருந்தார். முழங்கால் வலியால் அவருக்குச் சரிவில் ஏறுவது வரவரக் கஷ்டமாகிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் இருந்தால் நாற்றுப் பண்ணை பிக்கப் வண்டியை ஓட்டலாம் என்று தோட்ட மேனேஜர் சொல்லியிருந்தார். இந்த முறையும் தோற்றால் மறுபடி உட்காரப் போவதில்லை என்று அத்தை எங்கள் எல்லாரிடமும் அறிவித்துவிட்டார்.

அவருக்குப் படித்தால் மனதில் நிற்காது, கேட்டால் நிற்கும். அதனால் கேள்விப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்து, கேள்வியையும் பதிலையும் தன் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். இரண்டு மாத வேலை. எல்லாம் அந்த ஒரு கைப்பேசியில்.

“ஏன் அத்தை தூள்ல போட்டீங்க?”

“அரிசியில போடுன்னாங்க. அரிசி கடையில வாங்குறது, எத்தனை நாள் மூட்டையில கிடந்துச்சோ! தூளு நம்ம ஃபேக்டரி சாமான். அதைவிடக் காஞ்சது இந்த மலையில எது இருக்கு, சொல்லு லா?”

“சீனியும் பாலும் சேர்த்திருந்தா ஆளுக்கு ஒரு கப் குடிச்சிருக்கலாம்” என்றார் அம்மா.

“அண்ணி, சும்மா இருங்க. வயிறு எரியுது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் அந்தக் கைப்பேசியில் தானாக நகல் எடுக்கும் வசதியைப் போட்டுக்கொடுத்தது நான்தான். படங்களுக்கு மட்டும் போட்டிருந்தேன். குரல் பதிவுகள் அதில் சேராது. கணினித் துறையில் டிப்ளோமா வாங்கி, பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் செய்யக்கூடாத தவறு.

சார்ஜ் செருகும் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் கறுப்பாக இறுகிக் கிடந்தது தூள். ஈரத்தில் ஊறி, பிறகு காய்ந்து கெட்டியாகியிருந்தது. கம்பி முழுதாக உள்ளே இறங்கவே இல்லை. நனைந்த கைப்பேசியை அரிசியிலும் போடக்கூடாது, தூளிலும் போடக்கூடாது. உடனே அணைத்துவிட்டு, காற்று படும்படி வைத்தாலே போதும். சார்ஜில் மட்டும் போடவே கூடாது. இதை அத்தையிடம் அப்போது சொல்லவில்லை. அப்போது பல்குத்தும் குச்சிதான் தேவைப்பட்டது.

இரும்பு ஊசி வேண்டாம் என்று மரக்குச்சியை எடுத்தேன். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுரண்டினேன். காய்ந்த பல்துலக்கியால் தட்டினேன். மேசை மேல் விரித்த வெள்ளைத் தாளில் பொடி விழுந்தது. கம்பியைச் செருகினேன். இந்த முறை ‘டிக்’கென்று உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து திரையில் மின்கலப் படம் வந்தது.

“ஏறுது! அண்ணி, ஏறுது!”

பதிவுகள் இருக்கின்றனவா என்று ஒன்றை ஓடவிட்டேன். அத்தையின் குரலை மட்டும்தான் எதிர்பார்த்தேன். ஆனால் அது மலையில் வேலை நேரத்தில் எடுத்தது. “மஞ்சள் லைட்டு எரியுது, நீ இன்னும் கோட்டைத் தாண்டல. என்ன செய்வ?” என்று அத்தை கேட்கிறார். “நிப்போம்!” என்று ஒரு கூட்டமே கத்துகிறது. பின்னால், அதே கும்பலில் கொழுந்து வெட்டும் என் அம்மாவின் குரல்: “நம்ம லோரிக்காரன் மட்டும் போவான்!” பிறகு சிரிப்பு. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு கொழுந்து வெட்டும் கும்பல் முழுவதும் சாலை விதிகளை மனப்பாடம் செய்திருந்தது. ஹோட்டலில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ செயலிகளைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். கைப்பேசியை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்தியவர்களை நான் பார்த்ததில்லை. யாரும் இவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

அன்றே எல்லாப் பதிவுகளையும் என் மடிக்கணினியில் ஏற்றினேன். அம்மாவின் கைப்பேசிக்கும் அனுப்பினேன். பிறகு அத்தையின் நகல் அமைப்பைத் திறந்து, நான் விட்டதைச் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை பரீட்சைக்குப் போகும் வழியெல்லாம் அத்தை அதைக் கேட்டுக்கொண்டே போனார். தேறிவிட்டார். சில மாதங்களில் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் முடிந்தது.

அத்தை இப்போது நாற்றுப் பண்ணை பிக்கப்பை ஓட்டுகிறார். அந்தப் பதிவுகள் நான்கு இடங்களில் இருக்கின்றன. அம்மா அடுத்த மாதம் எழுத்துத் தேர்வு எழுதுகிறார்.