சில்லு மாற்றும் வரை

லண்டன் ஹரோவில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தபோது, பல்கலைக்கழக அணிக்காகச் சைக்கிள் பந்தயம் ஓடும் ஒரு பெண் என்னிடம் வருவாள். மெலிந்த உடம்பு, ஒட்ட வெட்டிய தலைமயிர். சைக்கிளில் ஏறுமுன் கழுத்தடித் தழும்பை ஒருமுறை விரலால் தடவிக்கொள்வாள். முந்தின வருடப் பந்தயத்தில் அவளுடைய அணிக்காரி ஒருத்தியே முழங்கையால் இடித்து விழுத்தியதில் எலும்பு உடைந்த இடம் அது. இடித்தவள் வென்றாள். தொழில்முறை அணியொன்று அவளைச் சேர்த்துக்கொண்டது.

"அதை மறந்து விடன், தங்கச்சி" என்றேன்.

"ஏலாது அண்ணை. அவளை வெல்லத்தான் விடிய எழும்பி ஓடுறன்."

அடுத்த கோடையில் இருவரும் ஒரே பந்தயத்துக்கு வந்தார்கள். பழுதானால் மாற்றிப் பூட்ட உதிரிச் சைக்கிள் சில்லுகளோடு நானும் போயிருந்தேன். கடைசிச் சுற்றில் இருவரும் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு வந்தார்கள். நான் நின்ற இடத்தில் மற்றவளின் சில்லில் காற்றுப் போனது. இவள் பறந்துவிடுவாள் என்று நினைத்தேன். இவளோ பிரேக் பிடித்து நின்றாள்.

"அண்ணை, அவளுக்குச் சில்லை மாத்திக் குடுங்கோ."

வீதியோரம் நின்ற சனம் கைதட்டியது. பிறகு இருவரும் சேர்ந்து புறப்பட்டார்கள். இவள் தெளிவான இடைவெளியில் வென்றாள். மற்றவள் அழுதபடி நன்றி சொல்ல வந்தபோது இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இரக்கப்பட்டோ நிண்டனீ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. காத்துப் போனதாலதான் தோத்தனான் எண்டு அவள் ஒருநாளும் சொல்லக்கூடாது."

பெருந்தன்மைக்கென்று அவளுக்கு இன்னொரு பரிசும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தப் பரிசு அவளுக்கு உரியதுதான் என்றே இன்றைக்கும் எனக்குப் படுகிறது.