அண்ணன் பாடியதும் நீங்கள் கொடுத்த சேலையும்

அண்ணன் செத்த முப்பத்தோராம் நாளுக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்களே, இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். அண்ணனைப் பற்றி நல்லதுதான் எழுதுகிறேன். உங்களைப் பற்றி அப்படி எழுத எனக்கு வராது.

அண்ணன் பழுகாமத்தில் பிறந்தார். அப்பா நேரத்தோடு இறந்துபோனார். பதினாலு வயதிலிருந்து அண்ணன்தான் வட்டை வயலில் உழுது எனக்கும் அம்மாவுக்கும் சோறு போட்டார். குரல் மெல்லிசாக இருந்ததால், கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அவருக்கு ராணி வேடம் கொடுத்தார். மகனைப் பறிகொடுத்த ராணியாக அண்ணன் பாடி ஆடிய பிறகு ஊருக்கு வேறு பாட்டே இல்லை. நெல்லுக் குத்தும் பெண்கள் அதைப் பாடினார்கள். களை பிடுங்குகிறவர்கள் பாடினார்கள். வாவியில் தோணி வலிக்கிறவர்கள் பாடினார்கள். செத்த பிள்ளைக்கு ராணி அழுகிற அந்தப் பாட்டைத்தான் நீங்கள் தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்கும் பாடினீர்கள்.

அந்த அண்ணனுக்குப் பெண் கேட்டுப் போனோம். எங்கள் பக்கத்தில் வீடு, அதைச் சுற்றிய வளவு எல்லாம் பெண்பிள்ளைக்கு. ஆண் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போகவேண்டும். பெண் கிடைக்காதவனுக்கு வீடும் கிடையாது. அம்மா தன் தமையனிடம், அதாவது எங்கள் மாமாவிடம் போனார். மாமாவின் மகள் அண்ணனுக்கு உரிமை மச்சாள். மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, பொம்பிளை வேசம் கட்டுறவனுக்கு என்ட மகளைக் குடுத்தா, சேலை ஆருக்கு எண்டு ரெண்டும் விடியச் சண்டை பிடிக்கும்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு கேட்ட ஐந்து வீட்டிலும் இதே பகிடிதான். புதிதாக ஒன்று சொல்லக்கூட உங்களுக்குப் புத்தி இருக்கவில்லை.

அந்த வருடம் கூத்து முடிந்து, வழக்கப்படி வேடத்தோடு வீடு வீடாக ஆடப் போனார்கள். மாமாவின் வாசலுக்கு வந்ததும் அவர் கதிரையில் இருந்தபடி, "மனே, அந்த அழுகைப் பாட்டைப் பாடு" என்றார். அண்ணன் பாடினார். மாமா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். பிறகு பரிசு என்று ஒரு சேலையை எடுத்து அண்ணனின் தோளில் போட்டார். வாசலே சிரித்தது. அண்ணன் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மச்சாளுக்கு வையுங்க மாமா. சண்டை வராது."

கிரீடத்தை அங்கேயே கழற்றினார். அதற்குப் பிறகு அவர் கூத்துக் களரி ஏறவில்லை. ஊருக்குப் பாட்டு இல்லாமல் போயிற்று என்று வருடக்கணக்காக அவரிடமே வந்து குறைப்பட்டீர்கள்.

அண்ணன் என் வீட்டில் இருந்தார். என் பிள்ளைகளுக்கு மட்டும் பாடுவார். மாமாவின் மகளுக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்து பிள்ளை பிறந்தது. ஒருநாள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வேலியருகில் வந்து நின்றாள்.

"மச்சானை ஒருக்காப் பாடச் சொல்லுகா. புள்ள உறங்குதில்ல."

நான் விளக்குமாற்றைத் தேடினேன். அண்ணன், "புள்ள என்னகா செஞ்சது?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் பாடினார்.

என் கணவர் வளவில் பாதியை அண்ணனுக்கு எழுதச் சொன்னார். நானும் சம்மதித்தேன். அண்ணன் சிரித்தார்.

"மச்சான், பொம்பிளைக்கு எழுதுற சொத்தை நான் வாங்கினா, மாமா சொன்னது மெய்யாப் போயிடும்."

கடைசிவரை விறாந்தையில்தான் படுத்தார். நெஞ்சு வருத்தம் வந்து அங்கேயே கண்ணை மூடினார்.

மருந்து அரைத்துத் தந்த பரியாரியாருக்கும், கிழமைக்கொருமுறை தோணியேறி வந்து அவரோடு பேசிக்கொண்டிருந்த காத்தான்குடித் துணி வியாபாரிக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காத என் கணவருக்கும் நன்றி.

அண்ணனின் பாட்டுகளை இந்த மலரில் அச்சிடச் சொல்லி மாமா ஆள் அனுப்பியிருந்தார். அண்ணன் எழுதிவைத்த கொப்பி என் பெட்டியில் இருக்கிறது. அது என் மகளுக்கு. உங்களுக்கு இந்த மலர் போதும்.