நாற்றமடித்த பள்ளிக்கூடம்

நேற்றுக் காலை உடைத்த முட்டை கெட்டுப்போயிருந்தது. வீடே நாறிவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினாள். நானோ நன்றாக இழுத்து முகர்ந்துகொண்டு நின்றேன். "அத்தைக்கு என்னமோ ஆயிருச்சு" என்று மகனிடம் சொல்லியிருப்பாள். பாவம், அந்த நாற்றத்துக்கும் எனக்கும் உள்ள உறவு அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்பா இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். தேயிலை ஃபேக்டரி முழுக்க அவர் பொறுப்பு. தேயிலையைப்போல ரோசமில்லாத பொருள் உலகத்தில் கிடையாது. பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஃபேக்டரிக்குள் தலையில் பூ கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. அம்மா கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டால் அப்பா வெளியே நின்று சாப்பிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போவார். சுருட்டோடு வந்த தோட்டத்து மேனேஜர், பெரிய தொரையையே வாசலில் மறித்த மனுசன்.

தலவாக்கலையில் எட்டாம் வகுப்பு முடித்ததும் விஞ்ஞானம்தான் படிப்பேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். என் தகுதி, மண்ணெண்ணெய் விளக்கில் ஆராய்ச்சி செய்து சிம்னிகளை உடைத்தது. அதற்கே நான் ஒரு பெரிய மேதை என்று நினைப்பு. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அப்போதே எனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். படிப்பு கொஞ்சம் பிசகினாலும் கல்யாணம்தான்.

அப்பா என்னை ஹட்டனுக்குக் கூட்டிப்போனார். விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் அங்கே இரண்டு இருந்தன. முதல் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் கால் வைத்ததுமே கெட்ட முட்டை வாடை குப்பென்று அடித்தது. மேசையெல்லாம் அமிலம் தின்ற தழும்பு. விரல்கள் மஞ்சளேறிய மாஸ்டர் ஒருவர் என்னிடம், "மெழுகுவத்தி எரிஞ்சா மெழுகு எங்கம்மா போகுது?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "வா பாப்பா, போவம்" என்றார். வெளியே வந்து, "இந்த நாத்தத்துல என்னா படிப்பு வரும்?" என்றார்.

இரண்டாவதில் கண்ணாடி அலமாரி. விடியக்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்பதுபோல போத்தல்கள் வரிசையாக நின்றன. அப்பா தராசை விரலால் தடவிப் பார்த்தார். "பாத்தியா, ஒரு தூசி இருக்கா?" அங்கேயே சேர்த்துவிட்டார்.

அந்த அலமாரியைத் திறக்கவே இல்லை. விஞ்ஞான மாஸ்டர் மாற்றலாகிப் போய், வேறு ஆள் வரவில்லை. உடற்பயிற்சி மாஸ்டர் வந்து புத்தகத்தை வாசித்துவிட்டுப் போவார். வீட்டில் சொன்னால் அப்பா, "நல்ல சாமான், பக்குவமா வச்சிருக்காங்க" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும்.

வருசக் கடைசியில் ஏதோ காரியமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்த அப்பா ஆய்வுகூடத்தை எட்டிப் பார்த்தார். போத்தல்களில் மூடியின் மெழுகுகூடப் பெயரவில்லை. திரும்பும்போது ரயில் கொட்டகலை தாண்டியதும், "மெசின் ஓடாத ஃபேக்டரிதான் பாப்பா இவ்வளவு சுத்தமா இருக்கும்" என்றார்.

மறுநாளே மஞ்சள் விரல் மாஸ்டரிடம் போனோம். "ஒரு வருசம் வீணாப்போச்சுங்களே. மறுபடி ஒம்பதாவதுதான்" என்றார் அவர். மாமா வீட்டுக்கு வந்து குதித்தார். அடுப்படியிலிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்த மாப்பிள்ள ஒரு வருசம் காத்திருக்க மாட்டாரா அண்ணே? மாட்டாருன்னா போகட்டும். புள்ள படிக்கட்டும்" என்றாள். அவர் காத்திருக்கவில்லை. அவர் புண்ணியத்தில் நான் பிழைத்தேன்.

நாறிப்போய்த்தான் தினமும் வீடு திரும்பினேன். ஸ்டேஷனிலிருந்து ஃபேக்டரிக்குள் புகுந்து வருவதுதான் எங்கள் வீட்டுக்குக் குறுக்கு வழி. முதல் நாளே அப்பா வாசலில் மறித்துவிட்டார். "இனிமே இந்தப் பக்கம் வராத, சுத்திப் போ." மழையோ பனியோ, தேயிலைக்குள் ஏறி இறங்கித்தான் போவேன். ஃபேக்டரி மேல் ஜன்னலில் நின்று, நான் வளைவில் திரும்பி மறையும் வரைக்கும் அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடம் விசயத்தில் தான் தப்புச் செய்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் இரசாயன ஆசிரியையாகி முதல் சம்பளம் வாங்கிய அன்றும் சுற்றித்தான் வீட்டுக்குப் போனேன்.

அம்மாவும் அப்பாவும் போய் வெகுகாலமாயிற்று. போன வருசம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொழுந்து வாட்டிய இடத்தில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். ஒரே புழுக்கை நாற்றம். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசல் வரைக்கும் நேராக நடந்தேன். யாரும் மறிக்கவில்லை. வெளியே வந்து அழுதுவிட்டேன்.