தம்பி கேட்ட வில்

அயல்வீட்டுக்காரர் மண்வெட்டிக்குப் பிடி போடுவதற்காகப் பச்சைத் தடியொன்றை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். பட்டை வேகும் மணம் வேலி தாண்டி வந்ததும், நான் வட்டக்கச்சியில் எங்கள் பழைய கொட்டில் வீட்டுக்குள் பத்து வயதுப் பிள்ளையாக நின்றேன்.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் காடு வெட்டி வயலாக்கிய காலம் அது. ஆறு வயதுத் தம்பி காய்ச்சலில் பாயோடு கிடந்தான். வயலில் இறங்கும் பன்றிகளைத் தானே கலைக்கப்போவதாகச் சொல்லி வில் கேட்டான். ஐயா விண்ணாங்குத் தடி வெட்டி வந்து, அவன் பார்க்கும்படி பாயருகிலேயே இருந்து சீவினார். தணலில் வாட்டி, முழங்காலில் வைத்து மெல்ல மெல்ல வளைத்தார்.

"முடிஞ்சுதோ ஐயா?" என்று தம்பி கேட்பான்.

"நீ எழும்பு ராசா, நாண் கட்டுவம்."

அவன் எழும்பவில்லை. அவனைப் புதைத்த மறுநாள் ஐயா மறுபடி கத்தியை எடுத்துச் சீவத் தொடங்கினார்.

"இனி ஆருக்கப்பா?" என்று அம்மா அழுதா.

"அவன் கேட்டவனெல்லே."

நாணைக் கட்டி முடித்ததும் வில்லை என்னிடம் நீட்டினார். முழுப் பலத்தோடும் இழுத்துப் பார்த்தேன். அது வளையவேயில்லை.

"தம்பியாலயும் இதை இழுத்திருக்கேலாது ஐயா," என்றேன்.

"ஓம் பிள்ளை. அவன் வளந்து பெரியாளானாப் பிறகும் வச்சிருக்கட்டும் எண்டுதான் பெலமாச் செய்தனான்."

ஐயா அழுததை நான் அன்றுதான் கண்டேன்.