மட்டாஞ்சேரியில் விழுந்த இரண்டாவது இலை

எங்கள் தெருவில் பேய் ஓட்டுகிறவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கே காயில் கம்பி சுற்றிக் கொடுத்தவன் நான். வேலை முடிகிறவரை அவரைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தேன், அதனால் இந்த மாதிரிக் கதைகளோடு யாரும் என் மோட்டார் ரிப்பேர்க் கடைப் பக்கம் வருவதில்லை. இப்போது நானே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

என் தம்பி முருகன் பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு திண்டுக்கல்லை விட்டு ஓடிப்போனவன். அதற்கப்புறம் எவனாவது கேரளா போய்வந்தால் போதும், உங்கள் பையன் மாதிரியே ஒருத்தனைப் பார்த்தேன் என்று அம்மாவிடம் கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விடுவான். அம்மா என்னைக் கிளப்பிவிடுவாள். ஒரு தடவை கலூர், ஒரு தடவை திருச்சூர், கடையைப் பூட்டிவிட்டு நான் அலைய வேண்டும். போன வருஷம் மட்டாஞ்சேரி என்றார்கள். இதுதான் கடைசி, அங்கேயும் இல்லையென்றால் இனி அவன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

மட்டாஞ்சேரிக்காரர்களைப் போல நல்லவர்களை நான் பார்த்ததில்லை, தொல்லையே அதுதான். தெரியாது என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே. மிளகுக் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நான் நீட்டிய முருகன் போட்டோவைப் பார்த்ததும், "இந்த முகம் நான் கண்டிட்டுண்டு சேட்டா" என்று வேலையைப் போட்டுவிட்டு என்னை ஒரு சாயாக்கடைக்குக் கூட்டிப்போனார். சாயாக்கடைக்காரர் ஒரு கிளாஸைக் கையில் திணித்து, குடித்து முடிப்பதற்குள் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஆட்டோக்காரர் பள்ளுருத்தி வரை கொண்டுபோய்க் காட்டிய ஆள் பேரனைத் தோளில் தூக்கி வைத்திருந்த கிழவர். அவரும் சாயா கொடுத்தார். இப்படியே பொழுது சாய்ந்து, ஊருக்குப் போகிற பஸ்ஸும் போய்விட, வயிறு முழுக்க டீயும் மனசு முழுக்க எரிச்சலுமாக ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தேன்.

வீட்டுக்காரர்களான விஸ்வம் மாமாவும் மாமியும் பாலக்காட்டுத் தமிழர்கள். அவர்களும் தங்கமானவர்கள், கேட்கவே வேண்டாம். குளித்துவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்தேன். கேட்டைப் பூட்டப் போன மாமா தெருவைப் பார்த்து, "அத்தாழப் பட்டினிக்கார் ஆராவது உண்டோ?" என்று உரக்கக் கேட்டார். ராச்சாப்பாடு கிடைக்காதவர் யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். வாசலை அடைக்கும் முன் வழிப்போக்கர்களுக்காக அப்படிக் குரல் கொடுப்பது அங்கே பழைய வீட்டுக்காரர்களின் வழக்கமாம். இப்போது யாரும் பதில் சொல்வதில்லை, ஆனாலும் மாமா விடவில்லை. எனக்கு அதெல்லாம் தெரியாது. என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நான் இருக்கிறேன் மாமா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லித் தொலைத்தேன்.

மாமா என்னைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார், கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மாமி வந்து வராந்தாவில் பக்கம் பக்கமாக இரண்டு இலை போட்டு, இரண்டிலும் சோறும் ரசமும் அவியலும் ஒவ்வொரு அப்பளமும் வைத்தாள். இன்னொரு இலை யாருக்கு என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் குரல் கொடுத்தேளே" என்றாள். "கூப்பிட்டுட்டு இல்லேன்னு சொல்லப்படாது."

எனக்கு வந்ததே கோபம். அங்கே என்னைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. பகல் முழுக்க இல்லாத ஆளைக் காட்டினார்கள், இப்போது இல்லாத ஆளுக்குச் சோறு போடுகிறார்கள், இந்த ஊரில் யாருக்குமே இல்லை என்று சொல்ல வராதா? அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவன் இங்கேயும் இல்லை, என்னைச் சாப்பிட விடு என்று கத்திவிட்டு வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் என் இலையில் இரண்டு அப்பளம். பக்கத்து இலையில் அப்பளம் இல்லை, சோற்றில் பாதியும் இல்லை. மாமி உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. கேட்டில் பூட்டு தொங்குகிறது. முருகனுக்கு அப்பளம் ஆகாது. சின்ன வயதில் எந்தக் கல்யாணப் பந்தியானாலும் என் பக்கத்தில்தான் உட்காருவான், அம்மா அசந்த நேரத்தில் தன் அப்பளத்தை என் இலைக்குத் தள்ளிவிடுவான். அதை அந்த ஊரில் நான் யாரிடமும் சொல்லவில்லை, ஏன் சொல்லப் போகிறேன்? பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் கழித்து வந்தவன் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகக் கூடாதா? உயிரோடு இருக்கிறானா இல்லையா, அதையாவது சொல்லக் கூடாதா? இரண்டு அப்பளத்தையும் தின்றேன். வேறென்ன செய்வது?

ஊருக்கு வந்து, அவன் அங்கே இல்லை என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். சரி என்றாள், அவ்வளவுதான். போன மாதம் தெரிந்தவர் ஒருவர் வந்து முருகனை மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் வெலிங்டன் தீவில் பார்த்ததாகச் சொன்னார். சத்தியத்தை மறந்தது நான்தான், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"உக்காருடா. அவன்தான் உன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டானே."

அந்த இலையைப் பற்றி நான் அவளிடம் மூச்சுகூட விட்டதில்லை.