நன்மை வரிசையில் தம்பியைத் தேடினேன்

ஏழு மாதம், ஞாயிறு தவறாமல், வாரம் ஒரு மாதா கோயிலாகப் பூசைக்குப் போனேன். பக்தி முற்றிவிட்டது என்று எங்கள் பங்கில் கேலி பேசினார்கள். பக்தியெல்லாம் இல்லை. காணாமல் போன தம்பியைத் தேடினேன்.

காணாமல் போனான் என்பதே பொய். நான் துரத்தினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அம்மா போன பிறகு நான்தான் வளர்த்தேன் என்று வேலூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தான். நாற்பது வயதுவரை கல்யாணம் வேண்டாம் என்றவன், ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே, கூட வேலை செய்யும் பெண்ணோடு குடித்தனம் வைக்கப்போகிறேன் என்றான். அவள் புருஷனை விட்டு வந்தவள். கோயிலில் கல்யாணம் ஆனவள், புருஷன் உயிரோடு இருக்கிறான். எந்தச் சாமியாரும் இந்தக் கல்யாணத்தை மந்திரிக்க மாட்டார். அப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கவும் கூடாது.

பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளை அதட்டிய வாய் என்னுடையது. வீட்டிலும் அது ஓய்ந்ததில்லை.

"நீ இன்னா வேணா பண்ணிக்கோ. ஆனா இனிமே நன்மை வாங்குற லைன்ல உன்ன பார்த்தேன்னா, அங்கயே எழுந்து நின்னு ஃபாதர்கிட்ட சொல்லிடுவேன். எந்தக் கோயிலா இருந்தாலும் சரி."

பாதித் தட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனான். போன் நம்பரை மாற்றிவிட்டான். கம்பெனியில் கேட்டால், வேலையை விட்டு நின்றுவிட்டார் என்றார்கள். ஒரு மாதம் கோபமாக இருந்தேன். இரண்டாவது மாதம் சாப்பாடு இறங்கவில்லை.

அவனுக்குத் தோல் வேலையை விட்டால் வேறு தெரியாது. அதனால் ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் எங்காவதுதான் இருப்பான் என்று கணக்குப் போட்டேன். ஞாயிறு பூசையையும் விடமாட்டான். டைபாய்டு காய்ச்சலிலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன். ஆக, கோயில் கோயிலாகப் பார்த்தால் அகப்படாமல் போவானா?

காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று, ஊருக்கு இரண்டு மூன்று கோயிலாகப் பஸ் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே முறைதான். பூசைக்கு அரைமணி முன்னாலேயே போய் முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்காருவேன். நன்மை கொடுக்கும்போது எல்லாரும் முன்னால் வந்துதான் ஆகவேண்டும். நன்மை வாங்கிக்கொண்டு திரும்பும் ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்ப்பேன். குடியாத்தத்தில் ஓர் அம்மா பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கறீங்களா? எங்க அக்கா புள்ள ஒருத்தன் இருக்கான், குடி கிடி ஒண்ணும் கிடையாது" என்றார். எனக்குப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. சிரித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழுகையாக வந்தது.

எங்கும் அவன் இல்லை. முதலிலிருந்து இன்னொரு சுற்று ஆரம்பித்தேன்.

ஆம்பூருக்கு இரண்டாம் முறை போன அன்று, பள்ளிகொண்டா தாண்டி பஸ் பஞ்சர். நான் போய்ச் சேரும்போது பிரசங்கமே முடிந்துவிட்டது. உள்ளே நிற்கக்கூட இடமில்லை. வாசலுக்கு வெளியே தகரப் பந்தலின் கீழ் நின்றவர்களோடு நின்றேன். நன்மைக்கு மணி அடித்தது. உள்ளே வரிசை நகர்ந்தது. பந்தலில் பாதிப்பேர் அசையவில்லை. என் பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"நீ போகலையாம்மா? கொழந்தய நான் வெச்சிக்கறேன்."

"எங்களுக்கு கிடையாதுக்கா. எங்க வூட்டுக்காரரு இந்து. ரிஜிஸ்டர் மேரேஜ்தான், கோயில்ல மந்திரிக்கல. இங்க நிக்கறவங்க ஜாஸ்தி இப்படித்தான். பூசை பாப்போம், போய்டுவோம்."

இத்தனை மாதமாக நான் யாரைத் தேடினேன்? வரிசையில் நிற்காதே என்று நானே சொன்னேன். என் சொல்லைத் தட்டாத பிள்ளையை அந்த வரிசையிலேயே தேடியிருக்கிறேன். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுக்கிறவளுக்கு இதுகூடத் தோன்றவில்லை.

போனில் இருந்த அவன் படத்தைக் காட்டினேன். அந்தப் பெண் உடனே தலையாட்டினாள்.

"இந்த அண்ணனா? அதோ அந்தத் தூணாண்ட நிப்பாரு. மூணு மாசம் முன்ன ஒரு நாளு உள்ள எட்டிப் பாத்துட்டு மொகமே மாறிப்போச்சு. 'எங்க அக்கா மொத பெஞ்சில உக்காந்துனு இருக்குது, நான் லைன்ல வர்றேனான்னு பாக்குது'ன்னாரு. அப்பவே வண்டிய எடுத்துனு போய்ட்டாரு. அதோட வர்றதில்ல."

கண்காணிக்க வந்தேன் என்று நினைத்திருக்கிறான். அப்படி நினைக்காமல் வேறு எப்படி நினைப்பான்? நன்மையைப் பிடுங்கினேன். அவனுக்கென்று மிச்சமிருந்த தகரப் பந்தலையும் பிடுங்கிவிட்டேன்.

"அவன் வூடு தெரியுமாம்மா?"

"பேர்ணாம்பட்டு ரோட்டாண்டன்னு சொன்னாரு. சரியா தெரியாதுக்கா."

என் நம்பரைக் கொடுத்தேன். "எங்கயாவது பாத்தா சொல்லும்மா. நான் அவன பாக்கத்தான் வந்தேன், வேவு பாக்க இல்ல. இனிமே இந்தக் கோயிலுக்கு நான் வரமாட்டேன், அவன வரச்சொல்லு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தேடுவதை அன்றோடு விட்டேன். எங்கள் பங்கிலேயே பூசைக்குப் போனேன். தவக்காலம் முடிந்து, ஈஸ்டரும் போன பிறகு ஒரு ஞாயிறு காலை அவள் போன் செய்தாள்.

"அண்ணன் வந்தாருக்கா. மார்க்கெட்டுல பாத்து விஷயத்த சொன்னேன். 'நெஜமாவே வராதா'ன்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. இன்னிக்கு அண்ணியையும் கூட்டினு வந்து நின்னாரு."

"நான் பாக்கத்தான் வந்தேன்னு சொன்னியாம்மா?"

"சொன்னேன்க்கா. அத கேட்டுட்டு பையத் தூக்கினு கெளம்பிட்டாரு."

இளைத்திருக்கிறானா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். நான் ஏறுவதில்லை.