சைலஜாவின் காதுக்காகத் திருப்பதி போனோம்

காலை ஆறரை மணிக்கு நகரியில் பஸ் ஏறினோம். திருப்பதிக்கு எனக்கு டிக்கெட் எழுபது ரூபாய். மகள் சைலஜா பெண்பிள்ளை, அவளுக்கு இலவசம். எட்டு வயது. வகுப்பில் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் வீட்டிலேயே நான்கு பவர்லூம் ஓடுகிறது. அந்தச் சத்தம் காதைக் கெடுத்துவிட்டதோ என்று பயம்.

ஏழரைக்கு வடமாலபேட்டை. மகளோடு ஓர் அம்மா ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஐந்தே நிமிடத்தில் பிள்ளைகள் இரண்டும் கைதட்டி விளையாடத் தொடங்கின. அந்த அம்மா டப்பாவைத் திறந்து வேகவைத்த கடலையை நீட்டினார்.

"துன்னு கண்ணு, சூடா கீது."

சைலஜா கை நீட்டவில்லை. "ஆன்ட்டி, நீங்க இன்னா ஆளுங்க?"

சாதியைத்தான் கேட்டாள். அந்த அம்மா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இத்தினிகூண்டு பொண்ணு. நல்லாத்தான் சொல்லிக் குடுத்துகீறீங்க." டப்பாவை மூடிவிட்டார்.

அவர் மகள் முந்தானையை இழுத்தாள். "எம்மா, நாம இன்னா ஆளுங்க?"

"வாய மூடிக்கினு வா."

வெளியாட்களிடம் எனக்குச் சட்டென்று பேச வராது. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே திருப்பதி வந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

"தப்பா கேட்டனா நைனா? தண்ணி கேக்கறவங்கள நீ கேப்பியே," என்றாள் சைலஜா.

கேட்பேன். நூல் மூட்டை இறக்க வருபவர்களுக்கென்று ஜன்னலில் தனி டம்ளர் ஒன்று இருக்கிறது. யாருக்கு எந்த டம்ளர் என்று தெரிந்துகொள்ள, மெதுவாகக் கேட்பேன். என் அப்பா தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். குரலைத் தாழ்த்தியதையே திருந்தியதாக நினைத்திருந்தேன். தறிச் சத்தத்தில் பிள்ளைக்குக் கேட்காது என்றும் நினைத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஹெட்போன் மாட்டிச் சோதித்தார்கள். "காதுக்கு ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டரம்மா. "சின்ன சத்தம்கூட நல்லா கேக்குது. கிளாஸ்ல வேடிக்கை பாத்துக்கினு இருந்திருப்பா."

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான்.

மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் சைலஜாவிடம் கொய்யாப்பழம் நீட்டினார். அவள் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்ததும் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நகரியில் இறங்கி, நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் இருந்த சீட்டின் ஜன்னலோரம் அந்தக் கொய்யாப்பழம் இருந்தது. ஒரு கடிகூடக் கடிக்கவில்லை.

அவள் என்னைவிடவும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.